செத்த நேரம் என்று எழுதிய விடைத்தாள்

கல்லூரியில் இயற்பியல் நடத்த ஆரம்பித்துப் பதினாறு வருடங்கள் ஆகின்றன. அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் கைபேசியைக் கண்டாலே எனக்கு ஆகாது. வகுப்பில் யார் பையிலாவது மணி அடித்தால் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவேன். "அம்மா கூப்புடுவாங்க மேம்" என்று எவ்வளவு கெஞ்சினாலும் சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பேன்.

பிறகு ஊரடங்கு வந்தது. பாடமே கைபேசிக்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். ஊரடங்கு முடிந்தது, குழு முடியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதில் பாடம் என்று எதுவும் கிடையாது. தேர்வு அட்டவணை, சீருடை அறிவிப்பு, நாலு தூறல் விழுந்தால் "மேம், நாளைக்கு லீவா?" என்று முப்பது பேர் கேட்பது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால் இருந்த மூன்றாம் ஆண்டுத் தமிழ்வழி வகுப்பைப் பற்றி. அணுக்கரு இயற்பியல் என் பாடம். கால அட்டவணை போட்டவர் என்ன கோபத்தில் இருந்தாரோ, செவ்வாயும் வியாழனும் முதல் வகுப்பாக வைத்துவிட்டார். அந்த வகுப்பில் அகரம் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். விடியும் முன்னே பூப் பறித்து, அதைச் சந்தைக்கு அனுப்பிவிட்டுக் குளித்துக் கிளம்பி, பஸ்ஸைப் பிடித்து அவள் கல்லூரிக்குள் நுழையும்போது இரண்டாவது வகுப்பு ஆரம்பித்திருக்கும். முகூர்த்த மாதமாக இருந்தால் அதற்கும் மேல் தாமதம். ஒருநாள் வராந்தாவில் நிறுத்திக் கத்தினேன். அவள் அழவும் இல்லை, சாக்குச் சொல்லவும் இல்லை.

"மேம், நீங்க க்ளாஸ்ல சொல்றத அப்படியே வாய்ஸ்ல போட்டுவிட்டீங்கன்னா நான் கேட்டுக்கிருவேன்" என்றாள்.

"எப்பக் கேப்ப?"

"பூப் பறிக்கிறப்ப மேம். ரெண்டு கைக்குத்தான வேலை. காது சும்மாதான இருக்கு."

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வருபவர்களுக்கு நடத்தவே நேரம் போதவில்லை, வராதவர்களுக்குத் தனியாகக் கச்சேரி வைக்க வேண்டுமா என்று நினைத்தேன். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, நல்ல எழுத்துத் தமிழில் ஆறு நிமிடம் பேசிப் பதிவு செய்து போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஏழு பேர்தான் கேட்டிருந்தார்கள். அகரத்துப் பெண்ணிடம் கேட்டதற்கு, "ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருந்துச்சு மேம், தூக்கம் வந்துருச்சு" என்றாள். நேரடியாகச் சொல்லிவிட்டாளே என்று கோபம் வந்தது. உண்மையைச் சொன்னாளே என்று இன்னொரு பக்கம் பிடித்தும் இருந்தது.

அந்தக் குரல் குறிப்பு விவகாரம் அதோடு முடிந்திருக்கும். ஒரு காலையில் நான் சமையல் வேலையில் இருக்கும்போது ஒருவன் குழுவில் கேட்டான்: "மேம், ஆல்ஃபா சிதைவுல அணு எண் ஏன் ரெண்டு குறையுது?" அதை நான் வகுப்பில் மூன்று முறை சொல்லியிருந்தேன். ஒரு கையில் கரண்டி, அடுப்பில் குக்கர், மறு கையில் போனை எடுத்துப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஏலே, போன வாரம் பூராத் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனேன், அப்ப எங்கலே போயிருந்த? ஆல்ஃபான்னா என்ன? ரெண்டு புரோட்டான், ரெண்டு நியூட்ரான். அந்த மூட்டையத் தூக்கிட்டு வெளிய போகுது. ரெண்டு புரோட்டானத் தூக்கிட்டுப் போனா மிச்சம் ரெண்டு குறையுமா குறையாதா?" நடுவில் குக்கர் இரண்டு விசில் அடித்தது. அதையும் சேர்த்தே அனுப்பிவிட்டேன்.

அதை முழு வகுப்பும் கேட்டது. ஆங்கிலவழி வகுப்புக்கும் போனது. மறுநாள் ஆய்வகத்தில் ஒரு பயல் என்னைப் பார்த்து வாய்க்குள் விசில் அடித்தான். ஆனால் ஆல்ஃபா சிதைவில் அதற்குப் பிறகு ஒருவரும் தப்புச் செய்யவில்லை.

அன்றிலிருந்து தாளை வைத்துப் படிப்பதை விட்டுவிட்டேன். வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். மூன்று நிமிடம், நாலு நிமிடம், ஒரு குறிப்புக்கு ஒரு விஷயம். பஸ்ஸில் இருவர் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். சில பேர் நேரம் மிச்சம் என்று என் குரலை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பார்கள். ஒருநாள் அந்த வேகத்தில் என் குரலைக் கேட்டுவிட்டு, இதைக் கேட்டா இந்தப் பிள்ளைகள் அணுக்கருவைப் படிக்கின்றன என்று ஆச்சரியமாகிவிட்டது.

தேர்வு நெருங்கியபோது இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். குழுவைச் சத்தமில்லாமல் அடக்கி வைக்கிற பிள்ளைகள்கூட ஸ்டேட்டஸ் பார்க்காமல் இருப்பதில்லை. அதனால் தினம் காலையில் ஒரு கேள்வியை என் ஸ்டேட்டஸில் வைத்தேன். யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் கீழேயே வந்துவிடும், பார்க்கவில்லை என்று யாரும் பொய் சொல்ல முடியாது. இதில் ஒரு தொல்லை, என் ஸ்டேட்டஸ் சொந்தக்காரர்களுக்கும் தெரியும். 'யுரேனியத்தின் அரை ஆயுள் யாது?' என்று வைத்த அன்று நத்தத்தில் புளி வியாபாரம் செய்கிற என் நாத்தனார் பதறிப்போய்ப் போன் செய்தாள். "மதினி, யாருக்கு என்ன? அரை ஆயுசுன்னு போட்டிருக்கீக?" நம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை, அது ஒரு தனிமம், அதற்கு ஆயுசு கோடிக்கணக்கில் கெட்டி என்று விளக்குவதற்குள் எனக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜி.எம். கருவி பற்றிய குறிப்பு. கதிரியக்கத் துகள்களை எண்ணுகிற கருவி அது. வாயு அடைத்த ஒரு குழாய், நடுவில் ஒரு கம்பி, அதற்கு உயர் மின்னழுத்தம். துகள் உள்ளே வந்தால் ஒரு மின்துடிப்பு வரும், கருவி ஒன்று என்று எண்ணும். ஒன்றை எண்ணியவுடன் மிகக் குறுகிய ஒரு நேரத்துக்கு அதனால் அடுத்ததை எண்ண முடியாது. ஆங்கிலத்தில் அதற்கு டெட் டைம் என்று பெயர். எங்கள் பாடக்குறிப்பில் தமிழில் 'செயலற்ற நேரம்' என்று இருந்தது. வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டேன். பத்து மதிப்பெண் கேள்வியாக அடிக்கடி வரும் பகுதி.

குரல் குறிப்பில் நான் சொன்னது வேறு. அதை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "இங்க பாருங்க, ஒரு துகள் வந்து மோதுனதும் கருவி ஒண்ணுன்னு எண்ணிக்கிரும். எண்ணுன கையோட செத்த நேரம் அது அப்படியே நிக்கும். அந்தச் செத்த நேரத்துக்குள்ள இன்னொண்ணு வந்தா கணக்குல ஏறாது. டவுன் பஸ்ல கண்டக்டர் ஒருத்தருக்குச் சீட்டுக் கிழிச்சுக்கிட்டு இருக்காரு, அப்பப் பின்படில ஒருத்தன் ஏறுனா அவருக்குத் தெரியுமா? தெரியாதுல்ல? அந்த மாதிரிதான். இதுதான் டெட் டைம். இம்புட்டுத்தான் விசயம், இதுக்குப்போயி ஏன் பயப்புடுறீங்க?" பாடக்குறிப்பில் இருக்கிற சொல்லை அதில் நான் சொல்லவே இல்லை. கரும்பலகையில் எழுதியாயிற்றே என்ற நினைப்பு. எங்கள் பக்கம் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். "செத்த நேரம் உக்காரு, வாரேன்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வோம். அந்தச் சொல்லில் சாவு இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது.

ஏப்ரலில் தேர்வு நடந்தது. ஜி.எம். கருவிக் கேள்வியும் வந்தது. பிள்ளைகள் எல்லாரும் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அகரத்துப் பெண் வெளியே வந்து, "மேம், கண்டக்டர எழுதிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

விடைத்தாள் திருத்தும் முகாம் வெளியூரில் நடக்கும். அந்த வருடம் எனக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் நாலைந்து மாவட்டத்து இயற்பியல் ஆசிரியர்கள் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் உண்டு. முகாமுக்குள் கைபேசி கூடாது என்று வாசலில் பலகை வைத்திருப்பார்கள். எல்லார் பையிலும் கைபேசி இருக்கும். திருத்தும்போது ஏதாவது வேடிக்கையான விடை வந்தால் படம் பிடித்துக் குழுவில் போடுவது வழக்கம். முன்னெல்லாம் மேசைக்கு மேசை தாளைக் கொடுத்துச் சிரிப்போம், இப்போது படம். நான் முகாமுக்குப் போன வருடங்களில் நானும் இதைச் செய்திருக்கிறேன். நாள் பூராவும் ஒரே விடையை நூறு பேர் எழுத்தில் படித்துக் கண் பூத்துப்போன பிறகு அது ஒரு பெரிய தப்பாகத் தெரியாது.

மே மாதம் ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு படம் வந்தது. விடைத்தாளில் ஒரே ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி வெட்டப்பட்டிருந்தது. 'இதுவே செத்த நேரம் எனப்படும்.' செத்த நேரத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். படம் போட்டவர் கீழே, 'கருவிக்குக் கருமாதி எப்போது?' என்று எழுதியிருந்தார். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. அச்சு மாதிரி நிமிர்ந்த கையெழுத்தில், எழுத்துத் தமிழ் வாக்கியத்துக்கு நடுவே அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கும் சாவுதான் தோன்றியது. யாரோ ஒரு பிள்ளை டெட் டைமை அப்படியே தமிழாக்கிவிட்டது என்று நினைத்தேன். இடது கைக் கட்டைவிரலால், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை இரண்டைப் போட்டேன். அதோடு விட்டேனா? 'பாவம் ஜி.எம். கருவி' என்று எழுதிவிட்டுத்தான் கை கழுவப் போனேன்.

ஜூனில் முடிவு வந்தது. அகரத்துப் பெண் துறைக்கு வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள்.

"போயிருச்சு மேம்."

"எது?"

"நியூக்ளியர்."

மற்ற எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள், சிலவற்றில் நல்ல மதிப்பெண். என் தாளில் மட்டும் நான்கு மதிப்பெண் குறைந்து அரியர் விழுந்துவிட்டது. அந்த வருடமே பி.எட். சேர வேண்டும் என்பது அவளுடைய திட்டம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சராகப் போக வேண்டும் என்பதை முதல் வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாள். விண்ணப்பம் போட்டாயிற்று, இடமும் கிடைக்கிற நிலை. எல்லாத் தாளும் தேறிய மதிப்பெண் பட்டியலைக் கடைசித் தேதிக்குள் காட்டாவிட்டால் இடம் போய்விடும். வீட்டிலிருந்து பக்கத்து நூற்பாலைக்கு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதையும் அவளே சொன்னாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "என் பேப்பர்லயா போடுவ? இம்புட்டு வாய்ஸ் போட்டேனே, என்னத்தக் கேட்ட?" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு, "விடைத்தாள் நகல் வாங்கிப் பாக்குறேன் மேம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து நகல் வந்தது. என் எண்ணுக்கு அனுப்பி வைத்தாள். நான் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜி.எம். கருவி விடையில் அந்தச் சிவப்பு வட்டம் இருந்தது. பத்துக்கு இரண்டு.

அப்போதுதான் முழு விடையையும் படித்தேன். 'நகரப் பேருந்தின் நடத்துநர் ஒரு பயணிக்குச் சீட்டு வழங்கிக்கொண்டிருக்கும்போது பின்படியில் ஏறும் மற்றொருவரை அவர் அறியமாட்டார். அதுபோலவே...' என்று இருந்தது. என்னுடைய வீட்டுப் பேச்சை வரிக்கு வரி எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருந்தாள். கண்டக்டர் நடத்துநர் ஆகியிருந்தார். 'எண்ணுன கையோட' என்பது 'எண்ணிய உடனே' என்று ஆகியிருந்தது. இரண்டே இரண்டு சொற்களை மட்டும் மாற்றவில்லை. அவை கலைச்சொல் என்று நினைத்து, அளவுகோல் வைத்து அடிக்கோடும் இட்டிருந்தாள். நேர் அயனிகள் மெதுவாக நகர்வதால் மின்புலம் குறைகிறது என்ற காரணம் சரி, படம் சரி, வரைபடமும் சரி. அந்தச் சொல்லை ஐந்து இடத்தில் எழுதியிருந்தாள். ஐந்தையும் திருத்தியவர் சுழித்திருந்தார்.

உடனே அவளுக்குப் போன் செய்து, ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"நீங்கதான மேம் சொன்னீங்க. செத்த நேரம் நிக்கும், இதுதான் டெட் டைம்னு. டெட்னா செத்த, டைம்னா நேரம். ரெண்டும் ஒண்ணாச் சேந்து வரவும் எனக்கு அம்புட்டு சந்தோசம் மேம். நம்ம வீட்டுல பேசுறதே புக்குலயும் இருக்கேன்னு நெனச்சேன்."

வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் கரும்பலகையில் இருந்ததை எழுதிவிட்டார்கள். அவள் அப்போது பஸ்ஸில் இருந்திருப்பாள். அவளுக்குக் கிடைத்த பாடம் என் வாயிலிருந்து வந்தது மட்டும்தான்.

குழுவில் பின்னோக்கிப் போய் அந்தப் படத்தைத் தேடி எடுத்து, நகலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வரி, அதே வட்டம், கீழே என் இரண்டு பொம்மைகள், என் வாக்கியம்.

மறுமதிப்பீட்டுக்கு அவளை விண்ணப்பிக்கச் சொன்னேன். அதோடு நானும் ஒரு கடிதம் எழுதினேன். விடையில் கருத்துப் பிழை இல்லை, சொல் மட்டும் வட்டார வழக்கு, அதைக் கற்றுக்கொடுத்தவள் நான் என்று எழுதி, துறைத்தலைவர் கையெழுத்துக்காகக் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், தாள்ல இருக்கறதுக்குத்தான் மார்க் போடுவாங்க. நீங்க வாய்ஸ்ல சொன்னதுக்கு யாரு போடுவா?" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஆசிரியர்கள் குழுவிலும் எழுதினேன். அந்த விடை என் மாணவியுடையது, தப்பு என்னுடையது, சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, படத்தை எடுத்துவிடுங்கள் என்று. அதை எழுதி அனுப்ப ஒரு மதியம் பூராவும் ஆனது. எல்லாரும் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. படம் போட்டவர் பேசாமல் படத்தை நீக்கினார். அதன் பிறகு யாரோ ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு இனிய மாலை வணக்கம் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் யாரைத் திட்டுவது?

மறுமதிப்பீட்டு முடிவு ஒரே வரியில் வந்தது. மாற்றம் இல்லை. பி.எட். இடம் போயிற்று. அகரத்துப் பெண் மில்லுக்குப் போனாள். அங்கே வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், காதில் எதையும் கேட்க முடியாது. நவம்பரில் அவள் மறுபடி எழுதித் தேறினாள், அடுத்த வருடம் பி.எட். சேர்ந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிவு நல்லதாக அமைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஒரு வருடம் போனது போனதுதான், அதற்கு மறுமதிப்பீடு கிடையாது.

குரல் குறிப்புகளை நான் நிறுத்தவில்லை. நிறுத்திவிடலாம் என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் பூப் பறிக்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடும். இப்போது ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே, தேர்வில் எழுத வேண்டிய சொற்களைத் தட்டச்சு செய்து போடுகிறேன். பேசுவது பேச்சாக இருக்கட்டும், எழுதுவது இது என்று.

நவம்பர்த் தேர்வுக்குப் படிவம் நிரப்ப அவள் செப்டம்பரில் கல்லூரிக்கு வந்தாள். மில்லில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தலைமுடியில் ஓரிடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளிடம் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உட்காரவைத்தேன்.

"உன் பேப்பர யாரோ போட்டோ எடுத்து எங்க குரூப்புல போட்டாங்க. உன்னோடதுன்னு தெரியாது எனக்கு. நானும் சேந்து..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மேம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது ஸ்கிரீன்ஷாட்டா எங்க பசங்க குரூப்புக்கும் வந்துச்சு மேம். மே மாசமே. என் எழுத்து எனக்குத் தெரியாதா? கீழ உங்க பேரும் இருந்துச்சு. பாவம் ஜி.எம். கருவின்னு."

அப்படியென்றால் ஜூனில் என் எதிரே வந்து நின்றபோதே அவளுக்குத் தெரியும். நான் 'என்னத்தக் கேட்ட' என்று கத்தியபோது தெரியும். மறுமதிப்பீட்டுப் படிவத்தில் எங்கே என்ன எழுத வேண்டும் என்று நான் விரலால் காட்டியபோதும் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"என்னன்னு மேம் சொல்றது? மொதல்ல, நீங்க சொன்னதத்தான எழுதுனோம், நீங்களே சிரிச்சிருக்கீங்களேன்னு நெனச்சேன். உங்க வாய்ஸ் எல்லாத்தையும் போன்ல இருந்து அழிச்சிரலாம்னு இருந்துச்சு. அப்பறம், உங்களுக்கு ஞாபகம் இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன். தெனமும் எத்தன போடுறீங்க, எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

"மன்னிச்சிரும்மா" என்றேன். அத்தனை வருடத்தில் ஒரு மாணவியிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஐயோ, விடுங்க மேம்" என்று படிவத்தை என் பக்கம் நகர்த்தினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் அதைத் திருப்பி, பின்பக்கத்து ஓரத்தில் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தாள்.

"இந்தத் தடவ என்னன்னு எழுதணும் மேம்?"

"செயலற்ற நேரம்."

எழுதினாள். எழுதியதை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள்.

"இது என்னமோ மொத்தமா நின்னுபோன மாதிரி இருக்கே மேம். அது செத்த நேரத்துல மறுபடி எண்ண ஆரம்பிச்சிரும்ல?"

"ஆரம்பிச்சிரும்."

"அப்ப நம்ம சொல்லுதான மேம் சரி?"

"சரிதான்" என்றேன். "ஆனா எழுதாத."